மணிக்கூட்டுக் கடையில் மலர்ந்த மாதவம்

ஞாயிற்றுக்கிழமை காலையிலே கோவில் மணி ஒலிக்கின்றது. தூய உடை உடுத்த குடும்பங்கள் திருப்பலிக்குச் செல்கின்றன, முழந்தாளிட்டு மன்றாடுகின்றன, மனநிறைவோடு வீடு திரும்புகின்றன. திங்கட்கிழமை விடிந்ததும் அதே மனிதர் கடையைத் திறக்கின்றார், கந்தோருக்குச் செல்கின்றார், கூலியாளுக்குக் கணக்குத் தீர்க்கின்றார், பிள்ளையைக் கண்டிக்கின்றார். முதல்நாள் முழந்தாளிட்ட மனிதருக்கும் மறுநாள் தராசு பிடிக்கும் மனிதருக்கும் இடையே தொடர்பு ஏதும் உண்டா? வெள்ளிக்கிழமை தோறும் திருநீறணிந்து கோயில் வீதியை வலம்வரும் சைவராகிய எம்மையும் விட்டு விடாத வினா இது. எனினும், கத்தோலிக்க மக்கள் இவ்வினாவுக்குக் கண்ட விடையொன்று எல்லாச் சமயத்தாரும் எண்ணிப் பார்க்கத்தக்கது. அவ்விடை ஏட்டிலே எழுதப்பட்டதன்று. ஓர் இல்லத்திலே வாழ்ந்து காட்டப்பட்டது.

2015ஆம் ஆண்டு தை மாதம் 14ஆம் நாள், கொழும்பு காலிமுகத்திடலிலே, அப்போதைய பாப்பரசர் பிரான்சிஸ் அவர்கள் யோசப் வாஸ் அடிகளாரைப் புனிதராகப் பிரகடனஞ் செய்தமையை நம்மவர் நன்கறிவர். ஒல்லாந்தர் ஆட்சியிலே உயிரைத் துச்சமாக மதித்து ஊரூராய் நடந்து சமயப் பணி புரிந்த துறவி அவர். அவ்வாண்டிலேயே, ஐப்பசி 18ஆம் நாள், உறோமாபுரியிலே அதே பாப்பரசர் வேறு இருவரையும் புனிதராகப் பிரகடனஞ் செய்தார். அவர்கள் துறவிகளல்லர், கணவனும் மனைவியும் ஆவர். கணவர் மணிக்கூடு திருத்தும் தொழிலாளி. மனைவி ரேந்தை வணிகம் நடத்தியவர். தம்பதியர் இருவரை ஒருங்கே புனிதராகப் பிரகடனஞ் செய்தமை திருச்சபை வரலாற்றில் அதுவே முதன்முறை. கணவரின் பெயர் லூயி மார்ட்டின். மனைவியின் பெயர் செலி. கிளிநொச்சியிலும் பிறவிடங்களிலும் ஆலயங் கொண்டு விளங்கும் புனித திரேசாளைப் பெற்றெடுத்தவர்கள் இவர்களே.

மகளின் புகழாலன்றோ பெற்றோரும் புகழ் பெற்றனர் எனச் சிலர் நினைக்கலாம். மகளால் அவர்களின் பெயர் உலகிற்குத் தெரியவந்தது என்பது உண்மையே. ஆனால், திருச்சபை ஆராய்ந்தது அவர்களுடைய வாழ்வையே. அவ்வாழ்வு எத்தகையது எனக் காண்போம்.

அடைபட்ட இரு கதவுகள்

லூயி 1823இல் பிறந்தவர். இளமையிலே துறவறம் பூண விரும்பி, அல்ப்ஸ் மலைமீதுள்ள பெரிய சென் பேர்னாட் மடத்தை நாடிச் சென்றார். இலத்தீன் மொழி கற்றிராமையால் மடத்தார் அவரை ஏற்றுக்கொள்ளவில்லை. சிறிது காலம் அம்மொழியைப் பயின்று பார்த்துக் கைவிட்டார். பின்னர் மணிக்கூட்டுத் தொழிலில் தேர்ந்து, பிரான்சு தேசத்தின் வடமேற்கிலுள்ள அலன்சோன் என்னும் நகரிலே கடை வைத்தார். செலி அம்மையார் 1831இல் பிறந்தவர். அவரும் கன்னியர்மடம் புக விரும்பினார். மடத்துத் தலைவி இசையவில்லை. அதன்பின் ரேந்தை பின்னும் கலையைக் கற்று, 1853இல் தம் சொந்த முயற்சியாற் சிறு வணிகமொன்றைத் தொடங்கினார்.

அலன்சோன் நகரின் ஆற்றுப் பாலமொன்றிலே இருவரும் ஒருவரையொருவர் முதன்முதலிற் கண்டனர் என்பர். 1858ஆம் ஆண்டு ஆடி மாதம் 13ஆம் நாள் நள்ளிரவிலே அவர்களின் திருமணம் நிகழ்ந்தது. துறவு வேட்கை தணியாத இருவரும், மணம் முடித்த பின்னரும் ஏறத்தாழப் பத்து மாத காலம் உடன்பிறந்தார் போலவே வாழ்ந்தனர். அவர்களுக்கு அறிவுரை கூறிய குருவானவர், இல்லறமும் இறைவன் வகுத்த நெறியே என உணர்த்தினார். அவர்கள் அதனை ஏற்றனர். ஒன்பது பிள்ளைகளைப் பெற்றனர்.

வாசகர்கள் இவ்விடத்திற் சற்றே நின்று நோக்குதல் வேண்டும். மடத்தின் கதவு அடைபட்டபோது இவர்கள் கடவுளின் கதவும் அடைபட்டதாகக் கருதவில்லை. கிடைக்காத வாழ்வை எண்ணிக் கிடைத்த வாழ்வை வெறுக்கவுமில்லை. கடையும் கணக்கும் தொட்டிலும் அடுக்களையுமே தமக்குக் கிடைத்த மடம் எனக் கொண்டனர்.

ரேந்தையும் அறமும்

அலன்சோன் ரேந்தை உலகப் புகழ் பெற்றது. நம் நாட்டிலே காலிப் பகுதியிற் பெண்கள் தலையணைமீது மரக்கதிர்களை மாற்றி மாற்றி எறிந்து பின்னும் ரேந்தையைப் போன்றதன்று அது. ஊசியொன்றினாலேயே, தையலுக்குமேல் தையலாக, மிக நுண்ணிய நூலிலே செய்யப்படுவது. அக்கைத்திறனை ஐக்கிய நாடுகளின் கல்வி, விஞ்ஞான, கலாசார நிறுவனம் 2010இல் மனிதகுலத்தின் மரபுச் செல்வமாகப் பட்டியலிற் சேர்த்தது. ஒருத்தி ஒருவகைத் தையலை மட்டுமே செய்வாள். துண்டு கைமாறிக் கைமாறிச் செல்லும். ஈற்றிலே துண்டுகளையெல்லாம் இணைப்பு தெரியாவண்ணம் ஒன்றாக்குதல் வேண்டும். இணைத்தலே யாவற்றினும் அரிய வேலை. அதனைச் செலி அம்மையார் தாமே செய்தார்.

பெண்கள் தத்தம் வீடுகளிலிருந்து வேலை செய்து, வியாழக்கிழமைகளில் துண்டுகளைக் கொண்டுவந்து ஒப்படைப்பர். அம்மையார் வேலையைப் பார்த்துக் கூலி கொடுப்பார். புதிய வேலையும் பகிர்ந்தளிப்பார். வேலைக்காரப் பெண்களைத் தம் குடும்பத்தாராகவே அவர் கருதினார். அவர்களுள் ஒருத்தி நோயுற்றால், ஞாயிற்றுக்கிழமை அவள் வீடு சென்று பார்த்து வருவார். கட்டளைகள் குவியும் காலத்தில் இரவு நெடுநேரம் விழித்திருந்து ஊசி பிடிப்பார். வேலைப் பளுவால் தாம் களைத்துப் போவதைக் கடிதங்களிலே அவர் மறைக்கவில்லை. அவர் எழுதிய கடிதங்களுள் இருநூற்றுக்கு மேற்பட்டவை இன்றும் உள்ளன. அவற்றைப் படிப்போர் அங்கே ஒரு தெய்வச் சிலையைக் காண்பதில்லை. பிள்ளையின் காய்ச்சலையும், வரவேண்டிய பணத்தையும், மறுநாட் சமையலையும் பற்றிக் கவலையுறும் தாயையே காண்கின்றனர். அக்கவலைகளுக்கு நடுவிலேயே அவர் கடவுளை நினைத்தார். கவலை தீர்ந்தபின் நினைக்கலாம் என ஒத்திவைக்கவில்லை.

மூடியிருந்த கடை

லூயியின் கடைக்கு வருவோம். மணிக்கூடுகளோடு நகைகளும் அங்கே விற்கப்பட்டன. சுற்றுக் கிராமங்களின் மக்கள் நகருக்கு வரும் நாள் ஞாயிற்றுக்கிழமை. திருமணத்துக்கு மோதிரமும் சங்கிலியும் வாங்க அவர்கள் வரும் நாளும் அதுவே. பிற கடைகள் திறந்திருக்க, லூயியின் கடை மட்டும் மூடியிருந்தது. இறைவனுக்கும் ஓய்வுக்கும் உரிய நாளிலே வணிகஞ் செய்வதில்லை என்பது அவர் கொண்ட விரதம். முன்கதவை மூடிப் பக்கக் கதவைத் திறந்து வைக்கலாமே என நண்பர்கள் கூறினர். அதிலே தவறில்லை எனக் குருவானவரும் இடமளித்தாராம். லூயி இசையவில்லை.

ஒருவருடைய நம்பிக்கை மெய்யானதா என்பதை எங்ஙனம் அறிவது? அவர் எத்தனை மன்றாட்டுக்கள் சொல்லுகின்றார் என்பதை எண்ணி அறியவியலாது. நட்டம் வருமிடத்தில் அவர் என்ன செய்கின்றார் என்பதைக் கண்டே அறியவியலும். செலவில்லாத பக்தி எவர்க்கும் எளிது. ஞாயிறு தோறும் கைநழுவிப்போகும் இலாபத்தைக் கண்ணாற் கண்டுகொண்டே கடையைப் பூட்டிவைத்தல் எளிதன்று. பக்கக் கதவு என்பது அலன்சோன் நகரத்தில் மட்டுமுள்ளதன்று. நம் ஒவ்வொருவர் தொழிலிலும் அத்தகைய கதவொன்று உண்டு. முன்வாசலிலே கொள்கையைத் தொங்கவிட்டுப் பின்வாசலிலே வசதியை அழைத்துக்கொள்ளும் கலையிலே நாம் யாவரும் வல்லுநரே.

இத்தம்பதியர் நாள்தோறும் விடியற்காலை ஐந்தரை மணித் திருப்பலிக்குச் சென்றனர். தொழிலாளரும் ஏழைகளும் செல்லும் பூசை அது. அவர்கள் வீட்டுக் கதவு மூடும் ஓசை கேட்டால், இன்னும் சிறிது நேரம் உறங்கலாமென அயலார் புரண்டு படுப்பராம். எனினும், அவர்களுடைய பக்தி கோவிலோடு நின்றுவிடவில்லை. ஒருமுறை புகைவண்டி நிலையத்திலே வலிப்பு நோயுற்ற ஏழையொருவர் ஊர் திரும்பப் பணமின்றித் தவித்தார். லூயி தம் தொப்பியைக் கழற்றி, அதிலே தம் பணத்தை முதலில் இட்டு, பயணிகளிடம் தாமே கையேந்திப் பணம் சேர்த்து அவரை வழியனுப்பினார். நகரிலே மதிப்புள்ள வணிகர் ஒருவர் நாலுபேர் பார்க்கத் தொப்பியை நீட்டுதல் எளிய செயலன்று. பணத்தைக் கொடுப்பதினும் மதிப்பைக் கொடுப்பது அரிது.

நான்கு சவப்பெட்டிகள்

நல்லோர் வாழ்வில் துன்பம் அணுகாது என்பார் உளர். இவ்வில்லத்தின் வரலாறு அக்கூற்றைப் பொய்யாக்குகின்றது. ஒன்பது பிள்ளைகளுள் நால்வரை இவர்கள் இழந்தனர். ஆண்மக்கள் இருவரும் ஓராண்டு நிறையுமுன்னரே இறந்தனர். ஐந்து வயதுச் சிறுமி ஹெலன் 1870ஆம் ஆண்டு மாசியில் இறந்தாள். அதே ஆண்டு ஐப்பசியிலே, பாலூட்டும் பொருட்டுச் செவிலித்தாய் ஒருத்தியிடம் ஒப்படைக்கப்பட்டிருந்த பச்சிளங்குழந்தை, போதிய பாலின்றி மெலிந்து இறந்தது.

இத்தனை துயருக்குப் பிள்ளைகளைப் பெறாமலே இருந்திருக்கலாம் என அம்மையாருக்குச் சிலர் ஆறுதல் கூறினர். அம்மொழியை அவராற் பொறுக்க முடியவில்லை. பிள்ளைகளின் கண்களைத் தாமே மூடி அடக்கஞ் செய்தபோது பெருந்துயருற்றதாகவும், ஆயினும் அவர்களுக்காகப் பட்ட பாட்டிற்கு ஒருபோதும் வருந்தியதில்லை எனவும் அவர் எழுதினார். அழாதிருப்பதே பக்தி என அவர் எண்ணவில்லை. அழுதார், அழுதுகொண்டே அடுத்த பிள்ளைக்கு உணவூட்டினார், வியாழக்கிழமை வந்த பெண்களுக்குக் கூலி கொடுத்தார்.

கண்ணுக்குத் தெரியாத கண்ணீர்

இவ்வில்லத்திலே குறையே இல்லையெனக் கூறினால் அது பொய்யாகும். மூன்றாம் மகள் லெயோனி நோயாளி, முரட்டுப் பிள்ளை, படிப்பிற் பிந்தியவள். பாடசாலை அவளை வைத்திருக்க விரும்பாது வீட்டுக்கு அனுப்பியது. தாயின் பெருங் கவலை அவளே. ஆனால், வீட்டுப் பணிப்பெண் அச்சிறுமியை மிரட்டி அடக்கி ஆண்டுவந்தாள் என்பதைத் தாய் நெடுங்காலம் அறியவில்லை. தம் வாழ்வின் இறுதி ஆண்டாகிய 1877இலேயே அறிந்தார், நெஞ்சம் பதைத்தார். ஊரார் துன்பத்தைத் தேடிச் சென்று துடைத்த இல்லத்திலே, தம் கூரையின் கீழே அழுத பிள்ளையின் கண்ணீர் மறைந்திருந்தது! அறிந்த நாள் முதல் மகளைத் தம்மருகே வைத்து அன்பினால் அணைத்தார். எஞ்சியிருந்தவை சில மாதங்களே.

அந்த லெயோனியின் பிற்கால வாழ்வு நெஞ்சை நெகிழ்விப்பது. மும்முறை கன்னியர்மடம் புகுந்து மும்முறையும் வெளியேறினாள். நான்காம் முறை, 1899இல், கான் நகர மடத்திற் புகுந்து நிலைத்தாள். 1941இல் அங்கேயே மறைந்தாள். அவளையும் புனிதர் வரிசையிற் சேர்ப்பதற்கான ஆய்வு 2015இலே தொடங்கப்பட்டது. வகுப்பிலே கடைசியாய் நிற்கும் மாணவனைக் காணும் ஆசிரியரும், தேறாத பிள்ளையெனத் தலையிலடித்துக்கொள்ளும் பெற்றோரும் இவ்வரலாற்றை மறத்தலாகாது.

இறுதி நாட்கள்

செலி அம்மையாரின் மார்பிலே தோன்றிய கட்டி புற்றுநோய் எனவும், சத்திரசிகிச்சைக்குரிய காலம் கடந்துவிட்டது எனவும் 1876ஆம் ஆண்டின் இறுதியிலே மருத்துவர் கூறினர். மறு ஆண்டு ஆனியிலே மூத்த மகளிர் மூவரோடு லூர்து திருத்தலஞ் சென்றார். நோய் நீங்கவில்லை. ஆவணி 28ஆம் நாள், நாற்பத்தைந்தாம் வயதிலே உயிர் நீத்தார். கடைக்குட்டி திரேசாளுக்கு அப்போது ஐந்து வயதும் நிறையவில்லை.

லூயி தம் ஐந்து பெண்களோடு லிசியே நகருக்குக் குடிபெயர்ந்தார். மகளிர் ஒவ்வொருவராய் மடம் புகுந்தனர். முதுமையிலே மூளை நோய் அவரைப் பற்றிக்கொண்டது. நினைவு தடுமாறி வீட்டைவிட்டு அலைந்தார். 1889இல் கான் நகரத்து மனநோய் மருத்துவமனையிலே சேர்க்கப்பட்டு, மூன்று ஆண்டுகள் அங்கே இருந்தார். மனநோய் என்றால் ஊரார் ஏளனமாய்ப் பேசிய காலம் அது. 1894ஆம் ஆண்டு ஆடி 29ஆம் நாள் அவர் மறைந்தார். மனம் பேதலித்த ஒருவரைப் புனிதர் எனப் போற்றும் துணிவு திருச்சபைக்கு உண்டாயிற்று என்பதை எண்ணும்போது உள்ளம் உருகுகின்றது. அத்தகைய நோயாளரை வீட்டின் பின்னறையிலே மறைத்து வைக்கும் நம் சமுதாயத்துக்கு இதிலே பெரும் பாடமொன்று உண்டு.

எல்லார்க்கும் உரிய அழைப்பு

தூய வாழ்வு துறவிக்கு மட்டும் உரியதன்று என்பது கத்தோலிக்கருக்குப் புதிய கருத்தன்று. பிரான்சிஸ் சலேசியார் என்னும் ஆயர், இல்லறத்தாரின் பக்தி வாழ்வைக் குறித்து 1609இலேயே நூலொன்று வெளியிட்டார். அவர் வழிவந்த கன்னியர் சபையிலேதான் செலி அம்மையாரின் தமக்கையாரும் இருந்தார். ஆயினும் புனிதரென்றால் அங்கி தரித்தவர் என்னும் எண்ணமே மக்கள் மனத்திலே ஊறியிருந்தது. 1962 முதல் 1965 வரை நடைபெற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கம், திருச்சபையைப் பற்றி 1964இல் வெளியிட்ட ஏட்டிலே ஓர் அதிகாரம் முழுவதையும் இப்பொருளுக்கே ஒதுக்கிற்று. எந்நிலையில் வாழ்வோரும், எத்தொழில் புரிவோரும் தூய வாழ்வுக்கு அழைக்கப்பட்டவரே என அது வரையறுத்தது.

அவ்வேடு வெளிவருவதற்கு இரண்டாண்டுகள் முன்னரே, இத்தாலியிலே ஒரு பெண் மருத்துவர் அதனை வாழ்ந்து முடித்திருந்தார். ஜியான்னா மொல்லா என்னும் அவ்வம்மையார் 1922இல் பிறந்து, குழந்தை மருத்துவத்திலே தேர்ச்சி பெற்று, சிற்றூரொன்றிலே மருத்துவ நிலையம் நடத்தினார். பொறியியலாளர் ஒருவரை மணந்தார். பனிமலைச் சறுக்கலிலே பெருவிருப்பங் கொண்டவர். இசையரங்குகளுக்குச் சென்று மகிழ்ந்தவர். நான்காவது மகவு கருவிலிருந்தபோது கருப்பையிலே கட்டி கண்டது. குழந்தைக்கு ஊறு நேராத சிகிச்சையையே வேண்டிப் பெற்றார். 1962ஆம் ஆண்டு சித்திரையில் மகளைப் பெற்று, ஒரு வாரத்தில் மறைந்தார். 2004இல் அவர் புனிதராகப் பிரகடனஞ் செய்யப்பட்டபோது கணவரும் பிள்ளைகளும் அவ்விழாவிலே அமர்ந்திருந்தனர். அவரது இறப்பையே உலகம் பேசுகின்றது. ஆனால், நோயாளியின் நாடியைப் பிடித்த ஆண்டுகளே அந்த இறுதி வாரத்துக்கு அவரை ஆயத்தஞ் செய்தன எனல் பொருந்தும்.

நமக்குரிய பாடம்

இவ்வரலாற்றைப் படிக்கும் சைவர் எவர்க்கும் பெரியபுராணம் நினைவுக்கு வருதல் இயல்பே. திருநீலகண்டர் குயவர், திருக்குறிப்புத்தொண்டர் வண்ணார், அதிபத்தர் மீன்பிடிப்பவர். நாளும் வலையிற்படும் முதல் மீனைச் சிவனுக்கென விட்டுவந்த அதிபத்தர், ஒரேயொரு மீன் அகப்பட்டுக் குடும்பம் பசித்த நாட்களிலும் அதனையே விட்டார். ஈற்றிலே பொன்மீன் கிடைத்தபோதும் தயங்கவில்லை. மூடிய மணிக்கூட்டுக் கடையும் விடப்பட்ட மீனும் ஒன்றையே பேசுகின்றன. வள்ளுவரும் அறத்துப்பாலிலே இல்லறத்தை முதலில் வைத்துத் துறவறத்தை அதன்பின் வைத்தார். சமயங்கள் வேறாயினும், அடுக்களையிலும் கடையிலும் இறைவனைக் காணும் நெறி எங்கும் உண்டு.

மாணவர்களே, பரீட்சை நெருங்கும்போது மட்டும் தெய்வத்தை நினைப்பதும், விடைத்தாளிலே பக்கத்து மாணவனை நோக்குவதும் ஒன்றோடொன்று பொருந்துமா? பெற்றோர்களே, மாலையிலே பிள்ளைகளோடு செபமாலையோ தேவாரமோ ஓதும் நாம், வீட்டு வேலைக்கு வரும் பெண்ணின் கூலியை நாளை என்று தள்ளிவிடலாமா? இவை சிறியனவாகத் தோன்றலாம். செலி அம்மையார் இணைத்த ரேந்தைத் துண்டுகளும் சிறியனவே. ஒவ்வொரு தையலும் கண்ணுக்கு எட்டாத நுண்மையுடையது. ஒன்று தவறினாலும் முழு ரேந்தையும் கெடும்.

ஞாயிற்றுக்கிழமை திருப்பலியும் வெள்ளிக்கிழமை அருச்சனையும் வேண்டுவனவே. ஆயினும் அங்கே நாம் பெற்றது என்ன என்பது, அடுத்த ஆறு நாட்களிலே நம் கீழே வேலை செய்வோரும், நம்மிடம் பொருள் வாங்குவோரும், நம் வீட்டிலே நம்மோடு உண்போரும் நம்மைப் பற்றி அறிந்திருப்பதிலே தெரியவரும்.